தானுந்துத் துப்புரவுப் பொருட்களின் பாதுகாப்பு

தானுந்துத் துப்புரவுப் பொருட்களின் பாதுகாப்பு என்பது தானுந்தின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் கழுவவும், கறை நீக்கவும், மெருகூட்டவும் பயன்படும் வேதிப்பொருட்களை, அவை தொடும் பரப்புக்கும் அவற்றைக் கையாளும் மனிதருக்கும் கழிவுநீர் சென்று சேரும் நீர்நிலைக்கும் கேடு விளையாத வகையில் தெரிவு செய்வது குறித்ததாகும். பேச்சுவழக்கில் கார் டீடெயிலிங் எனப்படும் நுண்துப்புரவுத் தொழிலில் ஒரே தானுந்தின் மீது பத்துக்கும் மேற்பட்ட திரவங்கள் பயன்படுத்தப்படுவது உண்டு. கழுவு திரவம், சக்கரத் துப்புரவி, இரும்புத்துகள் நீக்கி, கொழுப்பு நீக்கி, கண்ணாடித் துப்புரவி, தோலிருக்கைத் துப்புரவி, உருளிப்பட்டை மினுக்கி, மெழுகு, மேற்பூச்சுக் காப்பு ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

இப்பொருட்களின் புட்டிகளில் "பாதுகாப்பானது", "அமிலமற்றது", "நடுநிலை பி.எச்.", "இயற்கையானது" போன்ற சொற்கள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை பரப்பைப் பற்றியவை. கையாள்பவரைப் பற்றியவை அல்ல. வண்ணப்பூச்சைச் சிறிதும் பாதிக்காத ஒரு திரவம் தோலையும் நரம்பையும் கடுமையாகப் பாதிக்கக்கூடும். தோலுக்குத் தீங்கற்ற ஒன்று விளக்கின் நெகிழி மூடியை விரிசலடையச் செய்யவும் கூடும். எனவே "இது பாதுகாப்பானதா?" என்ற கேள்வி "எதற்கு, யாருக்கு?" என்று பிரித்துக் கேட்கப்படும்போதுதான் பொருளுடையதாகிறது.

துப்புரவு நிகழும் விதம்

தானுந்தின் மேல் படியும் அழுக்கு ஒரே வகையானது அன்று. சாலைப் புழுதியில் மணலும் களிமண்ணும் உள்ளன. எண்ணெய்ப் படலமும் தார்ப் புள்ளிகளும் கரிமச் சேர்மங்கள். பிரேக் தட்டிலிருந்து தெறித்து வெப்பத்தோடு சக்கரத்தில் பதியும் துகள்கள் பெரும்பாலும் இரும்பு. கடின நீர் உலர்ந்தபின் எஞ்சும் வெண்புள்ளிகள் கால்சியம், மக்னீசியம் உப்புக்கள். பூச்சிகளின் எச்சமும் பறவைகளின் எச்சமும் புரதமும் அமிலமும் கொண்டவை.

ஒவ்வொன்றையும் நீக்கும் வழி வேறு. புழுதிக்கும் மெல்லிய எண்ணெய்க்கும் பரப்புச் செயலிகள் போதும். இவற்றின் மூலக்கூறுகள் ஒரு முனையில் நீரையும் மறுமுனையில் எண்ணெயையும் பற்றி, அழுக்கை நீரில் மிதக்கச் செய்கின்றன. தாருக்குக் கரைப்பான் தேவைப்படுகிறது. கனிம உப்புக்களை அமிலம் கரைக்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் காரம் சிதைக்கிறது. இதனால்தான் ஒரே திரவத்தால் எல்லாக் கறையையும் நீக்கலாம் என்ற விளம்பரத்தை ஐயத்துடன் நோக்க வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டுமாயின் அத்திரவம் தேவையைக் காட்டிலும் வன்மையானதாக இருத்தல் வேண்டும்.

பரப்புக்களும் அவற்றின் தாங்குதிறனும்

தற்காலத் தானுந்துகளில் நிறப் பூச்சின் மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று உள்ளது. இதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. இம்மேற்பூச்சு வேதியியல் நோக்கில் ஓரளவு உறுதியானது. ஒரு முறை தவறான கழுவு திரவத்தைப் பயன்படுத்துவதால் அது உரிந்துவிடாது. அதில் காணப்படும் சுழல் வடிவ நுண்கீறல்களுக்குப் பெரும்பாலும் திரவம் காரணமன்று. மணல் ஒட்டிய துணியே காரணம். கழுவு திரவத்தின் பணிகளுள் ஒன்று துணிக்கும் பூச்சுக்கும் இடையே வழுக்கலைத் தருவதாகும். பாத்திரம் கழுவும் திரவங்கள் கொழுப்பை நீக்குவதற்கென அமைக்கப்பட்டவை. வழுக்கலை நோக்கமாகக் கொண்டவை அல்ல. முன்னர் இட்ட மெழுகையும் அவை மெலியச் செய்யும்.

அலுமினியத்தின் நிலை வேறு. அது அமிலம், காரம் இரண்டிலும் கரையும் ஈரியல்பு உலோகம். அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம் ஏறத்தாழ நடுநிலையான சூழலில் மட்டுமே நிலைத்திருக்கும். பூச்சற்ற கலப்புலோகச் சக்கரத்திலும், சன்னலோரம் உள்ள நேர்மின்வாய் ஆக்சிசனேற்றம் செய்யப்பட்ட பட்டைகளிலும் சோடியம் ஐதராக்சைடு கலந்த திரவத்தைத் தெளித்தால் சில நிமிடங்களில் வெண்மையான, அழியாத கறை தோன்றும். "அமிலமற்றது" என்ற சொல் இங்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது. அமிலம் இல்லாத சக்கரத் துப்புரவிகளுள் பல, வன்காரங்களால் ஆனவை.

முன்விளக்குகளின் மூடி 1980களுக்குப் பின் கண்ணாடியிலிருந்து பாலிகார்பனேட்டு நெகிழிக்கு மாறியது. பாலிகார்பனேட்டு மோதலைத் தாங்கும். ஆனால் வன்காரங்களும் பல கரிமக் கரைப்பான்களும் அதில் தகைவு விரிசல்களை உண்டாக்கும். ஒளிவடிப்புப் படலம் ஒட்டப்பட்ட சன்னல்களிலும், எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள தொடுதிரைகளிலும் அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவியைத் தவிர்க்குமாறு உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். கண்ணாடிக்கு அமோனியா தீங்கு செய்வதில்லை. கண்ணாடி போலத் தோன்றுவன யாவும் கண்ணாடி அல்ல என்பதே சிக்கல்.

தோலிருக்கைகள் குறித்தும் ஒரு பழைய எண்ணம் நீடிக்கிறது. இன்றைய தானுந்துகளின் தோல், பெரும்பாலும் நிறமியும் பாலியூரித்தேன் மேற்பூச்சும் கொண்டது. "தோலுக்கு ஊட்டம்" தரும் எண்ணெய்கள் அப்பூச்சை எளிதில் ஊடுருவுவதில்லை. மேலே பிசுபிசுப்பாகத் தங்கிப் புழுதியை ஈர்க்கின்றன. மென்மையான நீர்சார் துப்புரவியும் ஈரத்துணியுமே அதற்குப் போதுமானவை.

பி.எச். மதிப்பு கூறாதவை

காரகாடித்தன்மைச் சுட்டெண் எனப்படும் பி.எச். மதிப்பு, ஒரு நீர்க் கரைசலில் உள்ள ஐதரசன் அயனிச் செறிவின் அளவு. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நுண்துப்புரவுப் பொருட்களை விற்பனை செய்வோர் மிகுதியாகப் பயன்படுத்தும் எண் இதுவே. பயனுள்ள எண்தான்; ஆயினும் அதற்குத் தரப்படும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது.

முதலாவதாக, இது நீர்க் கரைசல்களுக்கு மட்டும் உரியது. தார் நீக்கி போன்ற கரைப்பான்களுக்கு பி.எச். என்பதற்குப் பொருளே இல்லை. இரண்டாவதாக, நடுநிலை என்பது தீங்கின்மை அன்று. சக்கரத்தில் தெளித்ததும் ஊதா நிறமாக மாறும் இரும்புத்துகள் நீக்கிகளுள் பலவற்றில் அம்மோனியம் தயோகிளைக்கோலேட்டு உள்ளது. முடியைச் சுருளாக்கும் அழகுநிலைய மருந்துகளிலும் இதே சேர்மம் பயன்படுகிறது. இரும்பு அயனியுடன் சேர்ந்து இது தரும் அணைவுச் சேர்மமே அந்த ஊதா நிறத்துக்குக் காரணம். இவ்வகைப் பொருட்கள் பல "நடுநிலை பி.எச்." என்று விற்கப்படுகின்றன, அது உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் தயோகிளைக்கோலேட்டு தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள். வெறுங்கையோடு நாள்தோறும் கையாளும் தொழிலாளிக்கு நடுநிலை என்ற சொல்லால் எந்தப் பாதுகாப்பும் கிட்டுவதில்லை.

மூன்றாவதும் மிகவும் கேடானதுமான நிலை, பி.எச். மதிப்பு ஆபத்தைக் குறைத்துக் காட்டுவது. ஐதரோபுளோரிக் அமிலம் வேதியியலில் வலிமை குன்றிய அமிலமாக வகைப்படுத்தப்படுகிறது. அது நீரில் முழுமையாக அயனியாவதில்லை. அதே செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தைவிட அதன் பி.எச். மதிப்பு உயர்ந்தே இருக்கும். ஆயினும் மனித உடலுக்கு அதுவே பன்மடங்கு கொடியது.

ஐதரோபுளோரிக் அமிலம்

சாலை அழுக்கையும் துருவையும் அலுமினியத்தின் மங்கலையும் விரைந்து நீக்குவதால், சில சக்கரத் துப்புரவிகளிலும், துரு நீக்கிகளிலும், சரக்குந்துகளைக் கழுவும் தொழில்முறைத் திரவங்களிலும், அலுமினிய மினுக்கிகளிலும் ஐதரோபுளோரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. வேறு சிலவற்றில் அம்மோனியம் பைபுளோரைடு சேர்க்கப்படுகிறது. இவ்வுப்பு நீரில் கரையும்போது ஐதரோபுளோரிக் அமிலம் உண்டாவதால், இரண்டும் ஒரே வகை ஆபத்தை உடையவை. பெயரில் "அமிலம்" என்ற சொல் இல்லாமையால் இரண்டாவது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது.

மற்ற அமிலங்கள் தோலின் மேற்பரப்பைச் சுட்டு உடனே வலியைத் தரும். கை தானே பின்வாங்கும். ஐதரோபுளோரிக் அமிலத்தின் அயனியாகாத மூலக்கூறுகள் தோலை ஊடுருவி ஆழ்திசுக்களை அடைகின்றன. அங்கு புளோரைடு அயனி உடலின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்கிறது. திசு அழிவும் எலும்புச் சிதைவும் ஏற்படலாம். குருதியில் கால்சியத்தின் அளவு குறையின் இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து இறப்பும் நேரலாம். 20 விழுக்காட்டுக்குக் குறைந்த நீர்த்த கரைசல்களில் வலியும் சிவப்பும் தோன்ற 24 மணி நேரம் வரை ஆகலாம். சக்கரத் துப்புரவிகள் பெரும்பாலும் இந்த நீர்த்த வகையைச் சேர்ந்தவை. பகலில் வேலை செய்தவருக்கு இரவில் விரல் நுனிகளில் தாங்கொணா வலி எடுக்கும்போது, அதைக் காலையில் தொட்ட திரவத்தோடு அவர் இணைத்துப் பார்க்காமல் போகக்கூடும். மருத்துவரிடம் சொல்லாமலும் போகக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்கள் 2015ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வெளியிட்ட வார அறிக்கையில் இது குறித்து விரிவான தகவல் உள்ளது. வாசிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை தானுந்து, சரக்குந்து கழுவும் பணியோடு தொடர்புடைய 48 ஐதரோபுளோரிக் அமிலத் தீப்புண் நிகழ்வுகளை அவ்வறிக்கை தொகுத்தது. எழுவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் இருவருக்கு அறுவை மருத்துவம் தேவைப்பட்டது. இவ்வமிலம் கலந்த கழுவு பொருளை உட்கொண்ட சரக்குந்து கழுவும் தொழிலாளி ஒருவரின் இறப்பும் அதில் பதிவாகியுள்ளது. காயமுற்றோர் பெரும்பாலும் நுண்துப்புரவுத் தொழிலாளர்கள், கழுவுநிலையப் பணியாளர்கள், சரக்குந்து ஓட்டுநர்கள். தீங்கு குறைந்த மாற்றுப்பொருட்களைக் கண்டறிய வேண்டும் என்று அவ்வறிக்கை வலியுறுத்தியது.

இவ்வமிலம் தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நன்கு கழுவி, மாசுற்ற உடையை அகற்றி, 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பைத் தடவி, மருத்துவ உதவியை நாட வேண்டும். வலி இல்லை என்பதற்காகக் காத்திருத்தல் கூடாது. இக்களிம்பு சாதாரண முதலுதவிப் பெட்டியில் இருப்பதில்லை. இதை வாங்கி வைக்க ஆயத்தமில்லாத இடத்தில் இவ்வமிலம் கலந்த பொருளும் இருத்தல் ஆகாது. வீட்டில் தம் தானுந்தைத் தாமே கழுவுபவருக்கு இவ்வகைப் பொருளுக்கான தேவை எதுவும் இல்லை என்றே கூறலாம்.

ஒன்றைத் தவிர்த்து மற்றொன்று

ஆபத்தான ஒரு பொருள் தடைசெய்யப்படும்போது அதன் இடத்துக்கு வருவது பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று கருதுவது இயல்பு. பிரேக் துப்புரவித் தெளிப்பான்களின் வரலாறு இதற்கு மாறான சான்றாகும்.

பிரேக் பாகங்களில் உள்ள எண்ணெயை நீக்கும் இத்தெளிப்பான்களில் முன்னர் பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு ஆகிய குளோரினேற்றக் கரைப்பான்கள் மிகுதியாகப் பயன்பட்டன. இவை தீப்பற்றுவதில்லை, விரைவில் உலர்கின்றன. ஆனால் புற்றுநோய் ஏற்படுத்தும் தன்மையும் நிலத்தடி நீரை மாசுபடுத்தும் தன்மையும் இவற்றுக்கு உண்டு. இக்கரைப்பான்களின் எச்சமுள்ள உலோகத்தைப் பற்றவைக்கும்போது பாசுசீன் எனும் கொடிய வளிமம் உண்டாகலாம். கலிபோர்னியாவின் வளி வளங்கள் வாரியம், தானுந்துப் பழுதுபார்ப்பில் பயன்படும் தெளிப்பான்களில் இம்மூன்றையும் தடைசெய்யும் விதியை 2000ஆம் ஆண்டில் ஏற்றது.

குளோரின் நீக்கப்பட்ட தெளிப்பான்கள் சில ஏற்கனவே சந்தையில் இருந்தன. அவற்றுள் பலவற்றில் எக்சேனும் அசிட்டோனும் கலந்திருந்தன. 1999–2000 காலப்பகுதியில் அம்மாநிலத்தில் இவற்றைப் பயன்படுத்திய தானுந்துத் தொழில்நுட்பர்களிடையே புற நரம்பு நோய் கண்டறியப்பட்டது. இது 2001ஆம் ஆண்டு நவம்பரில் அதே வார அறிக்கையில் வெளியாயிற்று. நேர்ச்சங்கிலி எக்சேன் உடலில் 2,5-எக்சேன்டையோன் எனும் பொருளாக மாறி நீண்ட நரம்பிழைகளைச் சிதைக்கிறது. அதனால்தான் மரத்துப்போதல் முதலில் விரல்களிலும் பாதங்களிலும் தொடங்குகிறது. உடன் இருக்கும் அசிட்டோன் இந்நச்சுத்தன்மையை மிகுவிக்கிறது. "குளோரினற்றது" என்று புட்டியில் எழுதியிருந்தது பொய்யன்று. அது வேறொரு கேள்விக்கான விடையாக இருந்தது.

"இயற்கையானது" என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். ஆரஞ்சுத் தோலிலிருந்து பெறப்படும் லிமோனீன் நல்ல கொழுப்பு நீக்கி. இனிய மணமும் உடையது. ஆனால் அதன் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 48 பாகை செல்சியசு மட்டுமே. காற்றுப்பட்டு ஆக்சிசனேற்றம் அடைந்த லிமோனீன் தோல் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. சில நெகிழிகளையும் அது மென்மையாக்கும். திறந்து நெடுநாள் ஆன புட்டி, புதிய புட்டியைவிடக் கேடு மிக்கதாக இருப்பது இவ்வகைப் பொருளின் தனித்தன்மை.

பாதுகாப்புத் தரவுத்தாள்

விளம்பரச் சொற்களைக் காட்டிலும் நம்பத்தக்க ஆவணம் பாதுகாப்புத் தரவுத்தாள் ஆகும். ஐக்கிய நாடுகள் அவையின் "வேதிப்பொருட்களின் வகைப்படுத்தலுக்கான உலகளாவிய ஒத்திசைவு முறைமை" 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இலும், ஐக்கிய அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு நிருவாகம் 2012இலும் அதனைத் தம் சட்டங்களில் இணைத்தன. இம்முறைமையின்படி தரவுத்தாள் 16 பிரிவுகளைக் கொண்டது. எந்த உற்பத்தியாளரின் தாளாயினும் பிரிவுகளின் வரிசை மாறாது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் தீங்குதரும் வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் இத்தகைய தாளைக் குறிப்பிடுகின்றன.

பதினாறையும் படிக்க வேண்டிய தேவை பொதுப் பயனருக்கு இல்லை. 2ஆம் பிரிவில் ஆபத்தின் வகையும் படக்குறிகளும் உள்ளன. கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டும் படம் அரிப்பைக் குறிக்கும். மண்டையோடு கடும் நச்சைக் குறிக்கும். மனித மார்பில் விண்மீன் வடிவம் உள்ள படம் புற்றுநோய், உறுப்புச் சேதம் போன்ற நீண்டகாலத் தீங்குகளைக் குறிக்கும். வியாபாரி எத்துணை உறுதி கூறினும் இம்மூன்றாவது படம் உள்ள பொருளை மூடிய தானுந்தினுள் தெளித்தல் தகாது.

3ஆம் பிரிவு உட்பொருட்களைத் தருகிறது. இங்கு வணிகப் பெயர்களால் ஏமாறாமல் இருக்க உதவுவது வேதிப் பொருட்கூறுச் சுருக்கப் பணியகம் வழங்கும் பதிவெண். ஒரே சேர்மம் பத்துப் பெயர்களில் வழங்கினாலும் அதன் எண் ஒன்றே. ஐதரோபுளோரிக் அமிலம் 7664-39-3, அம்மோனியம் பைபுளோரைடு 1341-49-7, நேர்ச்சங்கிலி எக்சேன் 110-54-3, பெர்குளோரோஎத்திலீன் 127-18-4. பல்பயன் துப்புரவிகளில் காணப்படும், தோல்வழியே உடலுள் புகும் 2-பியூட்டாக்சி எத்தனால் 111-76-2. முதல் இரண்டு எண்களும் இல்லாத சக்கரத் துப்புரவியைத் தேடுவதே, தொடக்கநிலைப் பயனர் செய்யத்தக்க மிகப் பயனுள்ள ஒரே சோதனை எனலாம்.

4ஆம் பிரிவு முதலுதவி. ஒரு பொருளில் புளோரைடு இருப்பது 3ஆம் பிரிவில் தெளிவாக இல்லாவிடினும், முதலுதவியில் கால்சியம் குளுக்கோனேட்டு என்ற பெயர் இருப்பின் உண்மை வெளிப்பட்டுவிடும். 8ஆம் பிரிவு தேவையான கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகியவற்றையும், 9ஆம் பிரிவு பி.எச்., தீப்பற்றுநிலை ஆகியவற்றையும் கூறும்.

தரவுத்தாளுக்கும் வரம்புகள் உண்டு. தீங்குதருவன என வகைப்படுத்தப்பட்ட, குறித்த அளவுக்கு மேற்பட்ட உட்பொருட்கள் மட்டுமே அதில் இடம்பெற வேண்டும். வணிக மறைபொருள் என்ற பெயரில் சில விடுபடலாம். விழுக்காடுகள் பெரும்பாலும் பரந்த இடைவெளிகளாகத் தரப்படும். மேலும் அது விற்பனை நிலையில் உள்ள பொருளைப் பற்றியது. 1:10 என நீர்த்துப் பயன்படுத்தும் நிலை வேறு. ஆனால் நீர்க்கும் வேலையைச் செய்யும் கை, செறிந்த பொருளையே தொடுகிறது.

நம்பகத்தன்மையை மதிப்பிடல்

தரவுத்தாளைப் பொதுவில் வெளியிடுவதும், கேட்டவுடன் தருவதும், அதில் அண்மைய திருத்த நாள் இருப்பதும் உற்பத்தியாளரின் பொறுப்புணர்வுக்கு அடையாளங்கள். எந்தப் பரப்பில் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாக எழுதும் உற்பத்தியாளர், "எல்லாப் பரப்புக்கும் ஏற்றது" என்று எழுதுபவரைவிட நம்பத்தக்கவர்.

சட்டங்களும் இத்திசையில் நகர்ந்துள்ளன. கலிபோர்னியாவில் 2017இல் இயற்றப்பட்ட துப்புரவுப் பொருட்கள் அறியும் உரிமைச் சட்டம், தானுந்தின் தோற்றத்தைப் பேணும் பொருட்களையும் உள்ளடக்கியது. உட்பொருட்களை 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் விவரச்சீட்டிலும் வெளியிட அது பணித்தது. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1992இல் வெளியிட்டுப் பின்னர் 2012இல் திருத்திய பசுமை வழிகாட்டிகள், சான்றின்றிப் பொதுப்படையாகச் "சூழலுக்கு உகந்தது" என்று கூறுவதை ஏமாற்றும் செயலாகக் கருதுகின்றன. "நச்சற்றது" என்று கூறினால் அது மனிதருக்கும் சூழலுக்கும் பொருந்த வேண்டும் எனவும் அவை கூறுகின்றன.

எண்களும் சில வேளைகளில் மயக்கம் தரும். பீங்கான் வகைக் காப்புப்பூச்சுக்களின் விளம்பரத்தில் காணப்படும் "9எச்" என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் உச்ச அளவு. வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் எளிய சோதனை அது. வைரத்துக்கு 10 எனவும் குவார்ட்சுக்கு 7 எனவும் மதிப்பிடும் மோவின் அளவுகோலுடன் அதற்குத் தொடர்பு இல்லை. சாலைப் புழுதியில் குவார்ட்சு மணல் உள்ளதால் "9எச்" பூச்சும் கீறும். இவ்வெண்ணைப் பாறைக் கடினத்தன்மையாகத் தோன்றுமாறு எழுதும் விற்பனையாளரின் பிற கூற்றுக்களையும் ஒரு முறைக்கு இருமுறை சரிபார்ப்பது நலம்.

பயன்பாடு

புதிய பொருளை முதலில் மறைவான சிறு பகுதியில் இட்டுப் பார்ப்பது வழக்கம். வெயிலில் நின்ற தானுந்தின் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதன் மேல் இடும் திரவம் உலர்ந்து செறிவடைவதால், பாதுகாப்பான அளவில் நீர்த்த பொருளும் கறையை உண்டாக்கும். எனவே நிழலிலும், தகடு குளிர்ந்த பின்னரும், குறித்த நேரத்துக்குள்ளும் கழுவிவிட வேண்டும். மென்மையான பொருளில் தொடங்கி, பயனில்லாதபோது மட்டும் அடுத்த நிலைக்குச் செல்வது தொழில்முறையாளர் கைக்கொள்ளும் ஒழுங்கு.

சிலிக்கோன் கலந்த மினுக்கிகளை உருளிப்பட்டையின் பக்கச் சுவரில் மட்டும் பூசலாம். சாலையைத் தொடும் பரப்பிலோ, பிரேக் தட்டிலோ, மிதிகளிலோ, சுழற்றுச் சில்லிலோ படுமாயின் பிடிப்புக் குறைந்து விபத்து நேரலாம். ஈருருளிகளில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

எந்த இரு துப்புரவிகளையும் ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. சோடியம் ஐப்போகுளோரைட்டு உள்ள வெளுப்பான் அமிலத்துடன் சேர்ந்தால் குளோரின் வளிமமும், அமோனியாவுடன் சேர்ந்தால் குளோரமீன்களும் வெளிப்படும். ஐதரோகுளோரிக் அமிலம் கொண்ட கழிவறைத் துப்புரவித் திரவத்தைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் இரண்டு வகையிலும் கேடானது: அது அலுமினியத்தை அரிக்கும், அருகில் வெளுப்பான் இருப்பின் நச்சு வளிமத்தையும் தரும். தமிழ்நாட்டில் வாட்டர் சர்வீஸ் என அழைக்கப்படும் கழுவுநிலையங்கள் சிலவற்றில் அடிப்பகுதியின் மசகைக் கரைக்க டீசல் தெளிக்கப்படுவது உண்டு. அது இரப்பர் உறைகளை உப்பச் செய்து கெடுப்பதோடு, தெளிக்கும் தொழிலாளியின் மூச்சிலும் கலக்கிறது.

மெல்லிய நைட்ரைல் கையுறைகள் கழுவு திரவங்களுக்கும் இரும்புத்துகள் நீக்கிகளுக்கும் போதுமானவை. அசிட்டோனும் குளோரினேற்றக் கரைப்பான்களும் அவற்றை விரைவில் ஊடுருவும். கையுறை அணிந்திருப்பதே பாதுகாப்பு என்று கருதாமல், தரவுத்தாளின் 8ஆம் பிரிவில் குறித்த வகையையே அணிய வேண்டும்.

பெரிய கலன்களிலிருந்து குடிநீர்ப் புட்டிகளுக்கு மாற்றி வைப்பது மிகவும் ஆபத்தான பழக்கம். நிறமற்ற சக்கரத் துப்புரவியை நீரிலிருந்து கண்ணால் வேறுபடுத்த இயலாது. மாற்றித்தான் ஆக வேண்டுமெனில் உணவுக்குப் பயன்படாத வடிவப் புட்டியில், பொருளின் பெயர், நீர்ப்பு அளவு, ஆபத்துக் குறி ஆகியவற்றை எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கழிவுநீர்

பரப்புச் செயலிகள் மீன்களின் செவுள்களைப் பாதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டில் இயற்றிய துப்புரவுப் பொருள் ஒழுங்குவிதி, பரப்புச் செயலிகள் 28 நாட்களுக்குள் குறைந்தது 60 விழுக்காடு கனிமமாகச் சிதைய வேண்டும் என வரையறுத்தது. "உயிரியல் சிதைவுக்கு உட்படுவது" என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தகைய கால அளவு குறிப்பிடப்படாவிடின் அதற்கு மதிப்பில்லை. போதிய காலம் கிடைப்பின் ஏறத்தாழ எல்லாமே சிதையும். முன்னர் மிகுதியாகப் பயன்பட்ட நோனைல்பீனால் எத்தாக்சிலேட்டுகள், இயக்குநீர்களின் செயற்பாட்டைக் குலைக்கும் நோனைல்பீனாலாகச் சிதைவதால், 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான துப்புரவுப் பயன்பாடுகளில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் தடைசெய்யப்பட்டன.

பொருள் மென்மையானதாக இருப்பினும், கழுவிய நீர் மென்மையானது அன்று. அதில் பிரேக் துகளில் உள்ள செம்பும் இரும்பும், எண்ணெயும், உருளிப்பட்டைத் தூளும் கலந்துள்ளன. தெருவோர மழைநீர் வடிகால்கள் பல நகரங்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லாமல் நேரே ஆற்றையோ ஏரியையோ அடைகின்றன. சரளைக்கல் அல்லது புல்தரையில் மென்கழுவு திரவத்தால் கழுவும்போது மண் ஓரளவு மாசைப் பிடித்துக்கொள்ளும். எனினும் கிணற்றுக்கு அருகில் இதுவும் ஏற்றதன்று. வணிகக் கழுவுநிலையங்களில் நீரை எண்ணெய் பிரிப்பான் வழியாகச் செலுத்தி, வண்டலைத் தனியே அகற்றுகின்றனர். கரைப்பான் எச்சமுள்ள கலன்களையும் அமிலம் எஞ்சிய புட்டிகளையும் வடிகாலில் அலசாமல், உள்ளூர் தீங்குதரு கழிவு சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும்.